புத்தகத்துக்கு விலாசம் எழுதிய ரங்கநாதன்

ஒரு பெரிய நூல் நிலையம். அதில் லட்சம் புத்தகங்கள் இருக்கின்றன. உள்ளே வரும் ஒருவர் தமக்கு வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார். ஊழியர் ஓர் அட்டையைப் பார்க்கிறார். நேரே ஓர் அலமாரிக்குப் போகிறார். இரண்டே நிமிஷத்தில் புத்தகம் கைக்கு வந்துவிடுகிறது.

இது எப்படி முடிகிறது? புத்தகத்தின் முதுகில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் சில எழுத்துகளும் எண்களும் இருக்கின்றன. அதே எழுத்துகளும் எண்களும் அட்டையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. இதற்கு அழைப்பு எண் என்று பெயர். தபால்காரருக்கு வீட்டு விலாசம் எப்படியோ, அப்படியே நூலகருக்கு இந்த எண். விலாசம் சரியாக இருந்தால் கடிதம் வீடு சேரும். தவறினால் எங்கோ போய்விடும். புத்தகமும் அப்படித்தான்.

இந்த விலாசத்தை எழுதுவதற்கு, உலகத்து நூலகர்கள் எல்லாம் வியந்து பார்த்த ஒரு புதிய வழியைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன்தான் அவர். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள். அப்படிப்பட்டவர், இந்த வேலையே வேண்டாம் என்று ஒரு சமயம் ஓடப் பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது.

சீர்காழிச் சிறுவன்

ரங்கநாதன் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்தார். அப்போது சீர்காழி தஞ்சை ஜில்லாவில் இருந்தது. தந்தையின் பெயர் இராமாமிர்த ஐயர். தாயார் சீதாலட்சுமி.

தந்தைக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஊராரைக் கூட்டி வைத்து இராமாயணம் சொல்வதில் அவருக்கு விருப்பம் அதிகம். 1898-ல் அவர் இளம் வயதிலேயே காலமானார். அப்போது ரங்கநாதனுக்கு ஆறு வயது கூட நிறையவில்லை. பாட்டனார் பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய பார்வையில் பையன் வளர்ந்தான்.

சீர்காழியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் ரங்கநாதன் படித்தார். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் ஆயிற்று. 1907-ல் ருக்மிணி அம்மாளை மணந்தார்.

அவருக்குத் திக்குவாய் உண்டு. பேச்சு தடைப்படும். ஆனால் கணக்கு என்றால் தடையே கிடையாது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913-ல் பி.ஏ. பட்டமும், 1916-ல் கணிதத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே எட்வர்டு ராஸ் என்ற பேராசிரியர் அவருக்குக் கணிதம் கற்பித்தார். அவரைத் தம் வாழ்நாள் முழுவதும் குருவாகவே ரங்கநாதன் நினைத்து வந்தார்.

கணித ஆசிரியர்

பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் ரங்கநாதன் பயிற்சி பெற்றார். 1917-ல் கல்லூரி ஆசிரியர் ஆனார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் கணிதம் கற்பித்தார். 1921-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். திக்குவாயை விடாமுயற்சியால் அடக்கிக்கொண்டார். மாணவர்களுக்கு அவர் வகுப்பு மிகவும் பிடித்திருந்தது. அவருக்கும் மாணவர்களைப் பிடித்திருந்தது.

ஒரு குறைதான் இருந்தது. சம்பளம் போதவில்லை. அந்தச் சமயத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு நூலகரைத் தேடிக்கொண்டிருந்தது. அதுவரை அங்கே நூலகர் என்று தனியாக ஒருவர் இருந்ததில்லை. சம்பளம் ஆசிரியர் வேலையை விட அதிகம். நண்பர்கள் தூண்டியதால் ரங்கநாதனும் மனுப் போட்டார்.

சுமார் தொள்ளாயிரம் பேர் மனுப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கூட நூலகப் பயிற்சி பெற்றவர் அல்ல. ரங்கநாதனுக்கும் அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேர்முகப் பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பு கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டார். அவ்வளவுதான். வேலை அவருக்கே கிடைத்தது. 1924-ம் ஆண்டு ஜனவரியில் பொறுப்பேற்றார்.

பிடிக்காத வேலை

வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே ரங்கநாதனுக்குச் சலித்துவிட்டது. வகுப்பில் எப்போதும் மாணவர்கள் சூழ இருந்தவர் அவர். இங்கே புத்தகங்கள் மட்டுமே இருந்தன. வருபவர்கள் மிகக் குறைவு. பேச ஆளில்லை. தனிச் சிறையில் அடைபட்டது போல அவர் தவித்தார்.

மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஓடினார். பழைய வேலையைத் திரும்பக் கொடுக்கும்படி மன்றாடினார். முதல்வர் நல்ல மனிதர். அவர் ஒரு யோசனை சொன்னார். நூலகராக நியமிக்கப்பட்டவர் சீமைக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. அங்கே போய்விட்டு வரட்டும், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் ஆசிரியர் வேலையைத் தருகிறோம் என்றார். அந்த வாக்குறுதியை வாங்கிக்கொண்டு அதே ஆண்டு செப்டம்பரில் ரங்கநாதன் கப்பல் ஏறினார்.

லண்டனில்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே சேயர்ஸ் என்பவர் நூல்களை வகை பிரிக்கும் பாடத்தைக் கற்பித்தார். அவர் குராய்டன் நகர நூலகத்தின் தலைவர். ரங்கநாதன் அவரிடம் பாடம் கேட்டார். குராய்டனுக்கும் போய் அனுபவம் பெற்றார். இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல் நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே கண்ட காட்சி அவர் மனத்தை மாற்றியது. தொழிலாளிகள் வந்து படித்தார்கள். பெண்கள் வந்தார்கள். குழந்தைகளுக்கென்று தனி இடம் இருந்தது. நூல் நிலையம் என்பது புத்தகங்களைப் பூட்டி வைக்கும் அறை அல்ல, ஊருக்கே பள்ளிக்கூடம் என்று அவருக்குத் தெரிந்தது.

ஆனால் ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்தியது. புத்தகங்களை அடுக்கும் முறையில் ஒரு நூல் நிலையத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒற்றுமை இல்லை. சில இடங்களில் முறையே சரியாக இல்லை. கணிதம் படித்தவர் மனம் இதைப் பொறுக்கவில்லை.

பட்டியலில் இல்லாத புத்தகம்

அப்போது உலகத்தில் பெரிதும் வழங்கி வந்தது டூயி முறை. அமெரிக்காவைச் சேர்ந்த மெல்வில் டூயி அதை 1876-ல் வெளியிட்டார். அறிவை எல்லாம் பத்துப் பெரும் பிரிவுகளாக அவர் பிரித்தார். ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாகப் பிரித்தார். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் போட்டார். அது பெரிய சாதனை. எண்ணற்ற நூல் நிலையங்கள் அதனால் ஒழுங்கு பெற்றன.

ஆனாலும் பட்டியல் என்றால் அதில் உள்ளதுதான் கிடைக்கும். இரண்டு மூன்று விஷயங்கள் கலந்த புதிய புத்தகம் வந்தால் அதற்கு எங்கே இடம் கொடுப்பது? இந்திய விஷயங்களுக்கு டூயி பட்டியலில் ஒதுக்கிய இடம் மிகக் குறுகலானது. மதம் என்ற பிரிவில் பெரும் பகுதி கிறிஸ்தவ சமயத்துக்கே போய்விட்டது. மற்றச் சமயங்கள் எல்லாம் கடைசி மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றன.

பொம்மைக் கடை

ஒரு நாள் ரங்கநாதன் லண்டனில் உள்ள செல்பிரிட்ஜஸ் என்ற பெரிய கடைக்குப் போனார். அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் துளை போட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள் இருந்தன. விற்பவர் அவற்றை மாட்டி ஒரு பொம்மை செய்தார். பிறகு கழற்றிவிட்டு, அதே துண்டுகளைக் கொண்டு வேறொரு பொம்மை செய்தார்.

ரங்கநாதனுக்கு மின்னல் அடித்தது போல் இருந்தது. புத்தகங்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன? எல்லா விஷயங்களுக்கும் முன்னதாகவே எண் கொடுத்துப் பட்டியல் போட வேண்டியதில்லை. விஷயங்களின் துண்டுகளுக்கு மட்டும் எண் கொடுத்தால் போதும். புத்தகம் வரும்போது வேண்டிய துண்டுகளை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். எப்படிப்பட்ட புதிய புத்தகத்துக்கும் எண் தயாராகிவிடும்.

துண்டுகளை மாட்டுவதற்குத் திருகாணி வேண்டுமே? அதற்கு அவர் ஒரு நிறுத்தற்குறியை எடுத்துக்கொண்டார். மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள். தமிழில் முக்காற்புள்ளி என்போம். ஆங்கிலத்தில் கோலன் என்பார்கள். அதனால் அவருடைய முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்றே பெயர் வந்தது.

1925-ல் அவர் கப்பலில் ஊர் திரும்பினார். கப்பலிலும் ஒரு சிறு நூல் நிலையம் இருந்தது. அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டே தம் முறையைப் பரீட்சை செய்து பார்த்தார். சென்னையில் இறங்கியபோது, பழைய வேலைக்குத் திரும்பும் எண்ணம் அவரிடம் இல்லை.

விலாசம் எழுதும் விதம்

சென்னைப் பல்கலைக்கழகத்து நூல்களுக்கு அவர் புதிய எண்கள் கொடுக்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் சோதித்த பிறகு 1933-ல் கோலன் முறையைப் புத்தகமாக வெளியிட்டார்.

அதன்படி பெரும் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. மருத்துவத்துக்கு எல். வேளாண்மைக்கு ஜே. வரலாற்றுக்கு வி. அதன் பிறகு துண்டுகளின் எண்கள் வரும்.

நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்-ரே சிகிச்சை பற்றி 1950-களில் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சியைக் கூறும் ஒரு புத்தகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவத்துக்கு எல் என்ற எழுத்து. நுரையீரலுக்கு 45. காசநோய்க்கு 421. சிகிச்சைக்கு 6. எக்ஸ்-ரேக்கு 253. ஆராய்ச்சிக்கு எஃப் என்ற சிறிய எழுத்து. இந்தியாவுக்கு 44. காலத்துக்கு என் என்ற எழுத்தும் 5 என்ற எண்ணும். இவற்றை முறைப்படி கோத்தால் புத்தகத்தின் கதை முழுவதும் ஒரே வரியில் வந்துவிடும்.

இலக்கியத்துக்கு இன்னும் சுவையான வழி வைத்தார். எழுத்தாளர் பிறந்த ஆண்டையே அவருக்கு அடையாளமாக்கினார். ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564. அவருடைய எண் ஜே 64 என்று முடியும். 1500-களுக்கு ஜே என்ற எழுத்து. அதே கணக்கில் 1882-ல் பிறந்த பாரதியாருக்கு எம் 82. தமிழ் மொழிக்கு 31, கவிதைக்கு 1, பாரதியாருக்கு எம் 82 என்று சேர்த்தால், தமிழ்க் கவிஞர் பாரதியார் என்று அந்த எண் சொல்லும்.

ஒரு புள்ளி தவறினால்

விஷயத்தைச் சொல்லும் இந்தப் பகுதிக்கு வகுப்பு எண் என்று பெயர். அது மட்டும் போதாது. ஒரே விஷயத்தைப் பற்றிப் பத்துப் புத்தகங்கள் இருக்கும். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்ட நூல் எண் என்று இன்னொரு பகுதி உண்டு. புத்தகத்தின் மொழி, வெளியான ஆண்டு முதலியவற்றை அது சொல்லும். இரண்டும் சேர்ந்ததுதான் அழைப்பு எண்.

நூல் எண்ணில் ஆண்டைக் குறிக்கத் தனி அட்டவணை உண்டு. அதன்படி 1950 முதல் 1959 வரை ஜே. 1955-ல் வெளியான புத்தகத்துக்கு ஜே 5. இந்திய வரலாறு பற்றி 1955-ல் தமிழில் வந்த ஒரு புத்தகம் இருந்தால், வகுப்பு எண் வி 44. நூல் எண் 31 ஜே 5.

இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். இது மிகவும் முக்கியம். அட்டை எழுதுபவர் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதிவிட்டால் என்ன ஆகும்? 44-க்கு அடுத்து 31 ஒட்டிக்கொண்டு 4431 ஆகிவிடும். 44 இந்தியா. அதன் பின்னால் எண் வளர்ந்தால் இந்தியாவுக்குள் ஏதோ ஒரு பகுதி என்று அர்த்தம். தமிழ்ப் புத்தகம் என்று சொல்ல வந்த எண், ஊர் பெயர் சொல்வது போல் ஆகிவிடும். புத்தகம் வேறு தட்டுக்குப் போய்விடும்.

எண்களை வாசிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடைக் கணக்கில் 45 சிறியது, 421 பெரியது. நூல் நிலையத்தில் அப்படி அல்ல. அங்கே எண்கள் தசமக் கணக்கு. முதல் எண் இரண்டிலும் 4. அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஒன்றில் 2, மற்றதில் 5. ஆகவே 421 முன்னால் நிற்கும், 45 பின்னால் நிற்கும். இது தெரியாத புதிய ஊழியர் அடுக்கினால் வரிசை குலைந்துவிடும்.

காலப்போக்கில் ரங்கநாதன் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளையும் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு குறிக்கும் ஒரு வேலை. அடுத்து வருவது இடமா, காலமா, செயலா என்று குறியே அறிவித்துவிடும். அதனால் ஒரு குறி மாறினாலும் பொருள் மாறும். பதினாயிரம் புத்தகங்களுக்கு நடுவே தவறான இடத்தில் நிற்கும் ஒரு புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். அது வாங்கிய பணமும் வீண். தேடி வந்தவரின் நேரமும் வீண்.

அட்டைக்கும் சட்டம்

ஆகவே எண்களைக் கண்டுபிடித்ததோடு அவர் நிற்கவில்லை. அவற்றை அட்டையில் எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் சட்டம் வகுத்தார். 1934-ல் அது நூலாக வந்தது. அட்டையில் முதலில் என்ன வர வேண்டும், எங்கே இடம் விட வேண்டும், ஆசிரியர் பெயரை எப்படித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு.

அழைப்பு எண்ணிலிருந்தே விஷய அகராதி தயாரிக்கவும் ஒரு வழி சொன்னார். அதற்குச் சங்கிலி முறை என்று பெயர். எண்ணைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். மேலே சொன்ன மருத்துவப் புத்தகத்துக்குச் சிகிச்சை, காசநோய், நுரையீரல், மருத்துவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை கிடைக்கும். எந்தப் பெயரை நினைத்துக்கொண்டு வந்தாலும் வாசகர் புத்தகத்தை அடைந்துவிடலாம். ஆனால் மூல எண் தவறாக இருந்தால் அத்தனை அட்டைகளும் தவறாகிவிடும். அதனால்தான் எண் எழுதும்போது அத்தனை கண்டிப்பு.

1950-ல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் இந்தச் சங்கிலி முறையைக் கைக்கொண்டது. பாடம் கற்கச் சீமைக்குப் போனவரிடமிருந்து சீமை பாடம் கற்றுக்கொண்டது.

ஐந்து விதிகள்

இவ்வளவு கண்டிப்பும் எதற்காக? அதற்கு விடை 1931-ல் அவர் எழுதிய நூலில் இருக்கிறது. நூலக இயலுக்கு ஐந்து விதிகளை அதில் கூறினார். புத்தகம் இருப்பது பயன்படுவதற்காக. படிக்க வரும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும். எழுதப்பட்ட ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைப் படிப்பவர் வந்து சேர வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூல் நிலையம் வளர்ந்துகொண்டே இருக்கும். இவையே அவற்றின் சாரம்.

முதல் விதிக்கு வித்திட்டவர் அவருடைய பழைய கணித ஆசிரியர் ராஸ்தான். ரங்கநாதன் விதிகளைத் தேடித் தவித்துக்கொண்டிருந்தபோது, ராஸ் வாய்மொழியாகச் சொன்ன ஒரு வாக்கியம் அவருக்கு வழி காட்டியது.

விதிகளை எழுதியதோடு நடத்தியும் காட்டினார். பல்கலைக்கழக நூல் நிலையத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகர்கள் தாங்களே உள்ளே போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம். இப்படித் திறந்துவிட்டால், எண்ணும் வரிசையும் சரியாக இருக்க வேண்டியது இன்னும் அவசியமாகிறது. 1936-ல் கடற்கரைச் சாலையில் நூல் நிலையத்துக்கென்றே கட்டிய கட்டடத்துக்கு அவர் குடிபோனார்.

வீட்டில் துயரம்

வெளியே பெயர் வளர்ந்த காலத்தில் வீட்டில் துயரம் நேர்ந்தது. 1928-ல் ருக்மிணி அம்மாள் கோயில் குளத்தில் தவறி விழுந்து உயிர் நீத்தார். அந்த ஆண்டுதான் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. துயரத்தை வேலையில் கரைத்தார் ரங்கநாதன். 1929 இறுதியில் சாரதா அம்மாளை மறுமணம் செய்துகொண்டார்.

சாரதா அம்மாள் கணவரின் போக்கை அறிந்து நடந்தார். அவர் சுமார் இருபது ஆண்டுகள் விடுமுறையே எடுக்காமல் உழைத்தார். உடை எளியது. உணவு எளியது. நூல் நிலையத்துக்குள் அவர் செருப்பில்லாமல் நடப்பார்.

கிராமங்களுக்கும் புத்தகம்

பட்டணத்து நூல் நிலையம் மட்டும் அவர் எண்ணத்தில் இல்லை. 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூல் நிலையம் தொடங்கியது. அந்த இயக்கத்துக்கு ரங்கநாதன் ஊக்கம் தந்தார்.

ஒவ்வோர் ஊரிலும் இலவச நூல் நிலையம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு ஒரு சிறு தொகை நூலக வரியாக வசூலிக்க அந்தச் சட்டம் வழி செய்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுவே. தமிழ்நாட்டில் ஊர்தோறும் உள்ள கிளை நூலகங்களுக்கு அதுவே வேர்.

காசியில் ஒரு தவம்

1945-ல் ரங்கநாதன் சென்னைப் பணியை விட்டு விலகினார். ஆராய்ச்சி செய்துகொண்டு அமைதியாக இருக்கலாம் என்று எண்ணினார். ஆனால் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அழைத்தார். மறுக்க முடியவில்லை.

அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகங்கள் முறையான வகைப்பாடு இல்லாமல் இருந்தன. உதவிக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லை. வயது ஐம்பத்து மூன்று. ரங்கநாதன் தாமே உட்கார்ந்தார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்தார். எதைப் பற்றியது என்று பார்த்தார். எண் கொடுத்தார். சுமார் இரண்டே ஆண்டுகளில் அந்த மலை போன்ற வேலையைப் பெரும்பாலும் தனியொருவராகவே முடித்துவிட்டார்.

1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே நூலக இயலில் உயர் பட்டப் படிப்பு ஏற்பட அவர் காரணமாக இருந்தார். பிறகு சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிக் நகரில் தங்கி நூல்கள் எழுதினார். 1957-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

சேமிப்பு முழுவதும்

அவர் வாழ்நாளில் சேர்த்து வைத்தது பெரும் செல்வம் அல்ல. அதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. 1950-களில் ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலக இயலுக்குப் பேராசிரியர் பதவி ஒன்று அதிலிருந்து ஏற்பட்டது. அதற்குத் தம் பெயரை மட்டும் வைக்கவில்லை. மனைவி சாரதாவின் பெயரை முன்னால் வைத்தார்.

1962-ல் பெங்களூரில் நூலக ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு மையத்தைத் தொடங்கினார். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக அரசு அவரை நியமித்தது. கணித மேதை ராமானுஜனைப் பற்றியும் 1967-ல் ஒரு நூல் எழுதினார்.

கடைசி வரை கோலன் முறையை அவர் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் காலத்தில் அது ஆறு பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் மாறுதல்கள் இருந்தன. இதனால் நூலகர்களுக்குத் தொல்லையும் உண்டாயிற்று. விதி மாறினால் பழைய எண்களை அழித்துப் புதிய எண்கள் எழுத வேண்டுமல்லவா? எண்கள் மிக நீளம், மெல்லிய புத்தகத்தின் முதுகில் எழுத இடமில்லை என்றும் குறை சொன்னார்கள். பல நூல் நிலையங்கள் டூயி முறையோடு நின்றுவிட்டன. ரங்கநாதன் இதை எல்லாம் அறிவார். ஆனாலும் அறிவு வளரும்போது முறையும் வளரத்தான் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1972-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி பெங்களூரில் அவர் காலமானார். அவருக்கு வயது எண்பது. ஏழாம் பதிப்புக்கு அவர் வேலை செய்து வைத்திருந்தார். அவருடைய சீடர் ஒருவர் அதைச் சரிபார்த்து முடிக்க, 1987-ல் அது வெளிவந்தது.

இன்றும் வாழும் விதி

இன்று உலகத்தில் பெரும்பாலான நூல் நிலையங்கள் கோலன் எண்களை எழுதுவதில்லை. இந்தியாவிலும் டூயி எண்ணே அதிகம் வழங்குகிறது. ஆனால் விஷயத்தைத் துண்டுகளாகப் பிரித்து வேண்டியபடி கோக்கலாம் என்ற ரங்கநாதனின் எண்ணம் எங்கும் பரவிவிட்டது. அவருக்குப் பின் உலகத்தில் வகைப்பாட்டு முறை அமைத்தவர்களும், பழைய முறைகளைத் திருத்தியவர்களும் அவருடைய வழியைக் கற்றுக்கொண்டே செய்தார்கள்.

அட்டைப் பெட்டிகள் போய்விட்டன. அவற்றின் இடத்தில் கணினி வந்துவிட்டது. அதிலும் வகுப்பு எண்ணை ஓரிடத்திலும் நூல் எண்ணை வேறோர் இடத்திலும் தனித்தனியாகவே பதிகிறார்கள். இரண்டையும் குழப்பிப் பதிந்தால் கணினியும் புத்தகத்தைத் தவறான இடத்திலேயே காட்டும். இயந்திரம் மாறினாலும் விலாசத்தைச் சரியாக எழுதும் கடமை மாறவில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ந் தேதி இந்திய நூலகர்கள் ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம் கொண்டாடுகிறார்கள். சீர்காழிப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்ட பையன் உலகத்து நூலகர்களுக்கெல்லாம் ஆசிரியர் ஆனார். தெருமுனைக் கிளை நூலகத்தில் ஒரு மாணவி கேட்ட புத்தகம் காத்திருக்காமல் கைக்கு வருகிறது என்றால், அதன் முதுகில் யாரோ ஒருவர் பொறுமையாகச் சரியான எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறார் என்று பொருள். அந்த வேலையைச் சிறிய வேலை என்று ரங்கநாதன் ஒருநாளும் எண்ணியதில்லை.